துருவனின் தந்தை ஏன் பேசவில்லை? - பிள்ளைகளின் மனத்துன்பம் பற்றிய ஒரு சிந்தனை

எமது ஆலயத்தின் ஞாயிறு அறநெறி வகுப்பிலே சென்ற வருடம் ஒரு நாள் துருவன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாவரும் அறிந்த கதைதான். உத்தானபாத மன்னனுக்குச் சுநீதி, சுருசி என்று இரு மனைவியர். சுருசியின் மகன் உத்தமன் தந்தையின் மடியில் இருக்கிறான். சுநீதியின் மகன் துருவன், ஐந்து வயதுப் பாலகன், தானும் மடியில் ஏற ஓடி வருகிறான். சுருசி அவனைத் தடுத்து, இந்த மடி வேண்டுமானால் நீ என் வயிற்றில் பிறந்திருக்க வேண்டும் என்று இகழ்கிறாள். பிள்ளை அழுதுகொண்டு தாயிடம் போகிறான். பின்னர் காட்டுக்குப் போய்த் தவம் செய்து, நாராயணனைக் கண்டு, துருவ நட்சத்திரமாகிறான். பக்திக்கும் வைராக்கியத்துக்கும் உதாரணமாக இக்கதையை நாம் சொல்வது வழக்கம். நானும் அவ்வாறே சொல்லி முடித்தேன்.

பின்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழும்பிக் கேட்டாள். “சேர், அவுங்க அப்பா அங்கதானே இருந்தாரு. ஏன் ஒண்ணும் சொல்லல?”

பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில் 30 வருடங்களுக்கு மேல் படிப்பித்தவன் நான். இக்கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லாம் பகவானின் திருவிளையாடல் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். பதில் அவளுக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை. இவ்வருட மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு ஆலய பரிபாலன சபையினர் கேட்டபோது, அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து ஸ்ரீமத் பாகவதத்தின் நான்காம் ஸ்கந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பல தடவை வாசித்த பகுதிதான். ஆயினும் இரண்டு இடங்களை அன்றுதான் கவனித்தேன். காட்டுக்குப் போகும் வழியில் துருவனைச் சந்திக்கும் நாரத முனிவர், நீ விளையாடித் திரியும் சிறுபிள்ளை, உன் வயதில் மானம் ஏது, அவமானம் ஏது என்ற கருத்துப்படப் பேசி அவனைத் திரும்பிப் போகச் சொல்கிறார். அதற்குத் துருவன், சிற்றன்னையின் சொற்கள் அம்புகளாகத் தன் இதயத்தைத் துளைத்துவிட்டன என்றும், முனிவர் சொல்லும் நல்லுபதேசம் அந்த இதயத்தில் தங்கவில்லை என்றும் பதில் கூறுகிறான். நாரதர் அவனைச் சோதிக்கவே அவ்வாறு பேசினார் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது நாம் எல்லோரும் சொல்லும் வார்த்தைதானே? “சின்னப் பிள்ளைதானே, தூங்கி எழும்பினா மறந்துரும்.” பிள்ளை மறக்கவில்லை என்று பாகவதம் சொல்கிறது. மற்ற இடத்தைப் பின்னர் சொல்கிறேன்.

வள்ளுவப் பெருந்தகையும் அடக்கமுடைமை அதிகாரத்தில் நெருப்புச் சுடுவதையும் நாக்குச் சுடுவதையும் ஒப்பிட்டிருக்கிறார். அக்குறளை மேடைதோறும் சொல்கிறோம். ஆயினும் அயலவரோடு சண்டை பிடிக்காதே, பெரியவரை எதிர்த்துப் பேசாதே என்பதற்கே அது பயன்படுகின்றது. பத்து வயதுப் பிள்ளையிடம் நாம் பேசும் பேச்சுக்கு அதைப் பொருத்திப் பார்த்தவர் எத்தனை பேர்?

மருத்துவ உலகமும் இவ்விடயத்திற்குத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. 1962 இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்து மருத்துவர் ஹென்றி கெம்ப் தமது சகாக்களுடன் சேர்ந்து, பெற்றோரால் அடிக்கப்பட்ட குழந்தைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தவறி விழுந்தது என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களில், வெவ்வேறு காலத்தில் முறிந்து ஒட்டிய எலும்புகள் தெரிந்தன. எலும்பு சாட்சி சொன்னதால் உலகம் நம்பியது. மனதை எடுக்க எக்ஸ்ரே இயந்திரம் கிடையாது. ஆகவே உளரீதியான துன்புறுத்தல் என்று ஒன்று இருக்கின்றது என்பதை ஏற்றுக்கொள்ள மேலும் ஏறக்குறைய 20 வருடங்கள் சென்றன. எமது தோட்டப்புறங்களும் காயம் தெரிந்தால்தான் எழும்பும். 2021 ஜூலை மாதத்தில், கொழும்பில் வீட்டு வேலை செய்த டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் உயிரிழந்தபோது மலையகமே தெருவில் இறங்கியது. இறங்க வேண்டியதுதான். உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் வாடிப்போகும் பிள்ளைகளுக்காக எவரும் இறங்குவதில்லை.

லண்டனைச் சேர்ந்த சிறுவர் மனநல மருத்துவர் டானியா கிளேசர் 2002 இல் எழுதிய ஒரு கட்டுரை இத்துறையில் முக்கியமானது. உளரீதியான துன்புறுத்தல் என்பது ஒரு நாள் நடந்து முடியும் சம்பவமன்று, அது வளர்ப்பவருக்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள உறவின் தன்மை என்கிறார் அவர். ஒரு தடவை கோபத்தில் கத்துவது வேறு. பிள்ளை எழும்பியது முதல் படுக்கும் வரை அதே வார்த்தைக்குள் வாழ்வது வேறு. அப்படிப்பட்ட உறவுக்கு ஐந்து வடிவங்களை அவர் காட்டுகிறார். பெரியவர் அருகில் இருந்தும் மனதளவில் பிள்ளைக்கு இல்லாமற்போவது ஒன்று. வயதுக்கு மீறியதை எதிர்பார்ப்பது மற்றொன்று. தாய் மத்திய கிழக்குக்குப் போக, தம்பி தங்கையைக் குளிப்பாட்டிச் சமைத்துப் போடும் பதினொரு வயது அக்காமார் எமது லயங்களில் எத்தனை பேர்! கணவன் மனைவி பேசாமல் இருந்துகொண்டு, “அந்த ஆள்கிட்ட போய்ச் சொல்லு” என்று பிள்ளையைத் தூது விடுவதும் இதில் அடங்கும். பிள்ளையைப் பிறரோடு பழகவிடாமல் அடைத்து வைப்பதும், தகாத பழக்கத்துக்கு விடுவதும் ஒரு வடிவம்.

இவற்றுள் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டியது, பிள்ளைமீது கெட்ட குணத்தைச் சுமத்துவது என்ற வடிவமாகும். நாம் திட்டும் சொற்களைப் பாருங்கள். சனியன், மூதேவி, தரித்திரம், பீடை. பாதிக்கு மேல் நமது சமயத்திலிருந்து எடுத்த சொற்கள். சித்திரையில் பிறந்த பிள்ளை தகப்பனுக்கு ஆகாது, மூலத்தில் பிறந்தவள் மாமனாருக்கு ஆகாது என்கிறோம். தகப்பன் மரம் விழுந்தோ மாரடைப்பிலோ இறந்துபோனால், கைக்குழந்தையாக இருந்த பிள்ளையைக் காட்டி “அப்பனைத் தின்னு பொறந்தது” என்று சாவு வீட்டிலேயே சொல்லிவிடுகிறோம். அது வளர்ந்து விவரம் தெரிந்த பிறகும் அப்பேச்சு நிற்பதில்லை. ஆலய மலரில் இதை எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். ஆலய மலரில்தான் எழுத வேண்டும் என்பது என் கருத்து. ஜாதகம் பார்ப்பதா வேண்டாமா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. பார்ப்பவர்கள் பார்க்கட்டும். தகப்பனின் சாவுக்குத் தான்தான் காரணம் என்று ஏழு வயதுப் பிள்ளை நம்பி வாழ்வதற்கு எந்த ஆகமத்திலும் இடமில்லை.

கிளேசர் சொல்லும் இன்னொரு கருத்தே எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. இது துன்புறுத்தல் எனக் கணிப்பதற்கு, துன்புறுத்தும் எண்ணம் இருந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை என்கிறார். நல்லதுக்குத்தானே சொன்னோம், ரோசம் வந்து படிக்கட்டும் என்றுதானே சொன்னோம் என்பதே நமது வழக்கமான சமாதானம். தெரியாமல் செய்த வினைக்கும் பலன் உண்டு என்று நம்புகிறவர்கள் நாம். அந்த நம்பிக்கையைப் பிள்ளைகள் விடயத்தில் மட்டும் ஒதுக்கி வைக்கிறோம்.

என் கதையையே சொல்கிறேன். 1980களில், இளம் ஆசிரியனாக ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்தபோது, வகுத்தல் கணக்கு வராத ஒரு மாணவனைப் பார்த்து, “உனக்குப் பேனை எதுக்குடா, கவ்வாத்துக் கத்திதான் சரி” என்றேனாம். வகுப்பே சிரித்ததாம். ‘ஆம்’ போட்டுச் சொல்வதற்குக் காரணம், எனக்கு அது துளியும் நினைவில்லை. பல வருடங்கள் கழிந்து பதுளை பஸ் நிலையத்தில் அவரைச் சந்தித்தேன். சிறியதொரு கடை வைத்து நன்றாக இருக்கிறார். தேநீர் வாங்கித் தந்து, சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். நான் அன்று போட்டிருந்த சட்டையின் நிறம்கூட அவருக்கு நினைவிருந்தது. “அன்னைக்கு அந்திக்கு எங்க அப்பா வாசல்ல இருந்து கத்தி தீட்டிக்கிட்டு இருந்தாரு சேர். அவரைப் பார்க்கவே எனக்கு வெட்கமா போச்சு. கொஞ்ச நாளைக்கு அவர் பக்கத்துல இருந்து சாப்பிடல.”

நான் திட்டியது மகனை. பட்டது தகப்பனுக்கும். கொழுந்து பறிக்கத்தான் லாயக்கு, மலைக்குத்தான் போகணும் என்று எமது பாடசாலைகளில் சொல்லப்படும் சொல்லுக்கு இந்த இரட்டை முனை எப்போதும் இருக்கின்றது. அந்த மலையில் நின்று சம்பாதித்த பணத்தில்தான் பிள்ளையின் சப்பாத்து வாங்கப்பட்டது.

இனி, அளப்பது பற்றி. கண்ணுக்குத் தெரியாததை எப்படி அளப்பது? அமெரிக்கச் சமூகவியலாளர் மறே ஸ்ட்ராஸும் சகாக்களும் 1998 இல் வெளியிட்ட ஓர் அளவுகோல், பெற்றோர் பிள்ளைகளுக்கிடையே முரண்பாடு வரும்போது என்ன நடக்கின்றது என்பதைக் கேள்விகளால் அளக்கின்றது. அதில் சொல்லால் நேரும் தாக்குதலுக்கு ஐந்து கேள்விகள் உண்டு. கத்தினார்களா, சபித்தார்களா, அடிப்பேன் என்று மிரட்டினார்களா, மடையன் சோம்பேறி போன்ற பெயர் சொல்லி அழைத்தார்களா, வீட்டை விட்டு அனுப்பிவிடுவேன் என்றார்களா என்பனவே அவை. கடந்த ஒரு வருடத்தில் ஒரு தடவையா, இரு தடவையா, 20 தடவைக்கு மேலா என்று குறிக்க வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த உளவியலாளர் பியாஞ்ஜலி டி சொய்சாவும் சகாக்களும் இதை எமது நாட்டுக்கு ஏற்பத் திருத்தி, அது சரியாக அளக்கின்றதா என்று சோதித்து, 2005 இல் இலங்கை மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். கொழும்பு மாவட்டத்தில் 12 வயதுப் பிள்ளைகளிடமே கேட்டு ஆய்வும் செய்தார்கள். பின்னர் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்காக அவர் நடத்தி 2017 இல் வெளியான ஆய்வில், 6 மாவட்டங்களின் 948 மாணவர்களுள் நூற்றுக்கு 72.5 வீதமானோர், முந்திய ஒரு தவணைக்குள் பாடசாலையில் சொல்லால் தாக்கப்பட்டதாகத் தெரிவித்தார்கள். உடல் தண்டனை பெற்றதாகச் சொன்னவர்கள் 80.4 வீதம். உடல் தண்டனை கூடாது என்ற கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் 2005 இலேயே வந்துவிட்டது என்பதையும் நினைவிற் கொள்க.

இங்கே கவனிக்க வேண்டியது, பிள்ளையிடம் கேட்டார்கள் என்பதே. அந்தக் கேள்வித்தாளை அக்காலத்தில் என்னிடம் தந்திருந்தால், மாணவரை இழிவாகப் பேசியதுண்டா என்ற கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்று எழுதியிருப்பேன். பொய்யன்று, மனச்சாட்சிப்படியே எழுதியிருப்பேன். தோட்டத்துப் பெண்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிவு பிடிப்பார்கள். நிறுப்பவரின் துண்டில் ஒரு கணக்கு இருக்கும். காலை முதல் முதுகில் சுமந்து ஏறி இறங்கியவளுக்குத் தெரிந்த பாரம் வேறாக இருக்கும். தராசு பிழை என்பதல்ல, தராசு யாருடைய கையில் என்பதே பிரச்சினை. பிள்ளையின் மனத்துன்பத்தை அளக்கும் தராசு இதுவரை நமது கையிலேயே இருந்து வந்திருக்கிறது. ‘சின்ன விசயம்’, ‘செல்லம்’, ‘நடிப்பு’ என்று நாம் பிடிக்கும் கழிவு கொஞ்சமன்று.

வேறோர் ஊரில் செய்த அளவுகோலை அப்படியே தூக்கிக்கொண்டு வரவும் முடியாது. வீட்டை விட்டு அனுப்பிவிடுவேன் என்ற ஐந்தாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது வெறும் மிரட்டல், அம்மா அப்படிச் செய்யமாட்டாள் என்று அதற்குத் தெரியும். எமது லயத்தில் அதன் வடிவம், “கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிடுவேன்” என்பதாகும். பக்கத்துக் காம்பராப் பிள்ளை அப்படிப் போனதைக் கண்டவள் அதைக் கேட்கிறாள். போனவள் எப்படித் திரும்பி வந்தாள் என்பதையும் கண்டிருக்கிறாள். அதே கேள்வி, அதே ‘ஒரு தடவை’ என்ற பதில், பாரம் மட்டும் ஒன்றல்ல. திட்டு விழும் இடத்தையும் பார்க்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் தகப்பன் திட்டினால் லயமே கேட்கும். மறுநாள் பீலியடியில் தண்ணீர் எடுக்கப் போகும்போது மற்றப் பிள்ளைகள் அதே சொல்லைச் சொல்லிக் கூப்பிடும். புலமைப்பரிசில் பெறுபேறு வரும் நாளிலும் அப்படியே. சித்தியடைந்த பிள்ளையின் படத்தைப் போட்டுப் பாடசாலை வாசலில் பதாகை கட்டுகிறோம். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு குறைந்த பிள்ளை தினமும் அதன் கீழ்தான் நடந்து போகவேண்டும். அப்பதாகையில் ஒரு வசைச்சொல்லும் இல்லை. எந்தக் கேள்வித்தாளிலும் அது அகப்படாது.

இவ்வளவும் சொல்லும்போது, தோட்டத்துத் தாய் தகப்பன் எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். விடியற்காலையில் எழும்பி, சமைத்து, கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, அட்டைக் கடியோடு மலையில் நின்று, மாலையில் வந்து மறுபடியும் அடுப்பூதும் தாய், பிள்ளையின் கதையைக் கேட்கும் முன் அயர்ந்து தூங்கிப்போவது துன்புறுத்தல் அன்று. அது களைப்பு. பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியும். தன்னை வேண்டாம் என்று சொல்லும் தாயையும் தன்னைத் தூக்க முடியாத தாயையும் அவை பிரித்தறியும். காலையில் பெரட்டுக்களத்தில் ஒருவர் மற்றவரை ஏசுகிறார், அவர் தமக்குக் கீழ் உள்ளவரை ஏசுகிறார், ஏச்சு வாங்கியவர் லயத்துக்கு வருகிறார். வரும் வழியில் கசிப்பும் சேர்ந்துகொள்கின்றது. அந்தச் சொல் கடைசியாக வந்து இறங்குமிடம் பிள்ளை. அதற்குக் கீழே இறக்கி வைக்க அதற்கு யாருமில்லை. தகப்பனை விளங்கிக்கொள்ள இது உதவும். பிள்ளையின் பாரம் இதனால் ஒரு றாத்தலும் குறையாது.

நாங்கள் எல்லாம் அடியும் ஏச்சும் வாங்கித்தானே நல்லா வந்தோம் என்று பெரியோர் சிலர் கேட்பதுண்டு. வந்தவர்கள்தான் இக்கேள்வியைக் கேட்கிறார்கள். வராதவர்கள் பஜனைக்கும் வருவதில்லை, மலரில் எழுதுவதும் இல்லை.

எப்படிக் கண்டுகொள்வது என்று இளம் ஆசிரியர்கள் என்னிடம் கேட்கிறார்கள். பாடசாலை நாளில் மட்டும் வயிறு நோகும் பிள்ளை, வளர்ந்த பிறகு மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்கும் பிள்ளை, தன் கையைத் தானே கீறிக்கொள்ளும் பிள்ளை, பாராட்டினால் நம்பாமல் விழிக்கும் பிள்ளை என்று சிலவற்றைச் சொல்லலாம். ஆனால் இவை வேறு காரணங்களாலும் வரும். சுபாவத்தில் அமைதியான பிள்ளையும் உண்டு. ஆகவே ஓர் அடையாளத்தைக் கண்டவுடன் தீர்ப்பெழுதக் கூடாது. என் அனுபவத்தில் நான் அதிகம் தவறவிட்டது குழப்படிக்காரப் பிள்ளைகளை அல்ல, மிகவும் நல்ல பிள்ளைகளை. சொல்லும் முன்பே வேலை செய்வார்கள். ஆசிரியரின் முகம் மாறினால் உடனே கவனிப்பார்கள். கொப்பி ஒன்றை நான் மேசையில் சற்றுப் பலமாக வைத்தால் தோள் குறுகும். எவ்வளவு ஒழுக்கமான பிள்ளை என்று அதிபரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்த ஒழுக்கத்தில் எவ்வளவு பயம் இருந்தது என்று அளந்து பார்த்ததில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஐ.நா. சபையின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமை சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. அதன் 19ஆம் உறுப்புரை உடல்ரீதியான வன்முறையோடு உளரீதியான வன்முறையையும் சேர்த்தே சொல்கின்றது. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, 18 வயதுக்குக் குறைந்தவரைப் பொறுப்பில் வைத்திருப்பவர் செய்யும் கொடுமையைக் குற்றமாக்கியது. மனநிலைப் பாதிப்பும் அதில் அடங்கும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கின்றது. பதுளை வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கின்றது. இவற்றை நாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சட்டம் மடியில் ஏற்றி வைக்காது. பிள்ளை பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்கும் ஒரு பெரியவர், பாட்டியோ, பிள்ளைக் காம்பரா ஆயாவோ, அறநெறி ஆசிரியரோ, அந்த லயத்தில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் நடக்கும்.

பாகவதத்தில் நான் கவனித்த மற்ற இடத்துக்கு வருகிறேன். துருவனுக்கு மந்திரம் உபதேசித்த பின் நாரதர் நேரே அரண்மனைக்குப் போகிறார். மன்னன் முகம் வாடி இருக்கிறான். ஏன் என்று கேட்கிறார். அன்பு தேடி மடியில் ஏற வந்த ஐந்து வயதுப் பிள்ளையை ஏற்றுக்கொள்ளாத கல்நெஞ்சன் நான் என்று மன்னன் தானே சொல்லி வருந்துகிறான். காட்டில் ஓநாய்கள் அவனைத் தின்றுவிடுமோ என்று அஞ்சுகிறான். தவம் முடிந்து பிள்ளை திரும்பி வந்தபோது, ஓடிச் சென்று கட்டித் தழுவுகிறான். இத்தனை வருடமும் கதை சொல்லும்போது இந்தப் பகுதியை நான் விட்டுவிட்டே சொல்லியிருக்கிறேன். தகப்பன் தன் தவறை ஒப்புக்கொள்ளும் இடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேனோ என்னவோ.

அடுத்த ஞாயிறு வகுப்பில் இதை எடுத்துச் சொன்னேன். ‘உன் கேள்விக்குப் பதில் கிடைத்தது, அப்பா பேசாதது பிழை என்று அவரே ஒத்துக்கொண்டார்’ என்றேன். பிள்ளை கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“ஓநாய் திங்குமுன்னு பயந்தாருதானே சேர். அப்ப ஏன் தேடிப் போகல?”

நாரதர் கவலைப்படாதே என்று ஆறுதல் சொன்னார், மன்னன் நாட்டைக்கூடக் கவனியாமல் பிள்ளையையே நினைத்துக்கொண்டிருந்தான் என்பது வரை நூலில் இருக்கின்றது. தேடிப் போனதாக இல்லை. அதை அவளிடம் அப்படியே சொன்னேன்.